கெஸ்ட் டிரேஸையும் ஹோஸ்ட் டிரேஸையும் ஒட்டவைக்க எது தோது?

கெஸ்டில் (ஒரு மெஷினுக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்) ஒரு ரிக்வெஸ்ட் சில மில்லிசெகண்ட் நின்றுவிடுகிறது. உள்ளே டிரேஸ், அதாவது எது எப்போது நடந்தது என்ற பதிவு, எடுத்தால் வெறும் இடைவெளிதான் தெரியும். அதே நேரத்தில் ஹோஸ்ட், அதாவது கெஸ்டைத் தாங்கும் நிஜ மெஷின், அந்த விசிபியூ (கெஸ்டின் விர்ச்சுவல் சிபியூ) த்ரெட்டை இறக்கிவிட்டு வேறு வேலையை ஏற்றியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு டிரேஸும் ஒரே காலக்கோட்டில் வரவேண்டும். இல்லாவிட்டால், திருநெல்வேலி ஜங்ஷனில் 10:05க்குக் கிளம்பிய பஸ் பாளையங்கோட்டைக்கு 10:03க்கே வந்த கதைதான்.

இரண்டு பக்கமும் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் திருத்துவது) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லினக்ஸ் கர்னலின் டிரேஸ் வசதியான ஃப்டிரேஸ் வழக்கமாகத் தருவது பூட் ஆனதிலிருந்து ஓடும் நேரம். சுவர்க் கடிகாரத்தை எவ்வளவு திருத்தினாலும் அது மாறாது.

என் ஓட்டு, ஃப்டிரேஸை இயக்கும் கருவியான டிரேஸ்-சிஎம்டிக்கு. கெஸ்டில் அதன் ஏஜென்டை ஓடவிட்டு, விசாக் (ஹோஸ்டும் கெஸ்டும் நேரே பேசும் சாக்கெட்) வழியாக ஹோஸ்டிலிருந்தே ரெக்கார்டிங்கைத் தொடங்கலாம். நேரத்தைப் பொருத்த அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிடிபி (நேரம் பொருத்தும் நெட்வொர்க் முறை) பாணியில் இரு பக்கமும் செய்தி பரிமாறி வித்தியாசத்தைக் கணிப்பது, இது தோராயம்தான். இன்னொன்று, எக்ஸ்86 டிஎஸ்சி கடிகாரத்தை (சிபியூவிலேயே உள்ள கவுன்டர்) வைத்துக்கொண்டு, கெஸ்டுக்குக் கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) கொடுத்திருக்கும் ஆஃப்செட்டை டீபக்எஃப்எஸ்ஸிலிருந்து (கர்னலின் உள்விவரம் காட்டும் ஃபைல் சிஸ்டம்) நேரே படிப்பது. இதில் ஊகமே இல்லை. டிரேஸைப் படமாகக் காட்டும் கர்னல்ஷார்க் 2-இல் திறந்தால் கேவிஎம் என்ட்ரி, எக்ஸிட் (சிபியூ கெஸ்டுக்குள் போவதும் வெளியே வருவதும்) எல்லாம் கெஸ்ட் நிகழ்வுகளோடு வரிசையாக நிற்கும். ஆனால் ஹோஸ்ட் கர்னல் டிஎஸ்சியை அன்ஸ்டேபிள் என்று தள்ளியிருந்தால் இரண்டாவது வழியை நம்பாதீர்கள்.

எல்டிடிஎன்ஜி என்ற டிரேஸ் கருவியும் அதைப் படமாக்கும் டிரேஸ் காம்பஸும் சேர்ந்த கூட்டணி கடிகாரத்தை நம்புவதே இல்லை. இரு பக்கமும் பதிவாகும் ஹைப்பர்கால் (கெஸ்ட் ஹைப்பர்வைசரை அழைப்பது) ஜோடிகளை வைத்து, கடிகார விலகலைப் பின்னால் கணக்கிடுகிறது. படம் அருமையாக வரும். ஆனால் அதற்கு இரு கர்னலிலும் தனி மாட்யூல் ஏற்றவேண்டும். பாளையில் ஒரே டவர் சர்வரில் நாலைந்து கெஸ்ட் வைத்திருப்பவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

பெர்ஃப் என்ற லினக்ஸ் அளவீட்டுக் கருவியின் கேவிஎம் கட்டளை வேறு ரகம். எந்தக் காரணத்தால் எத்தனை எக்ஸிட் என்று எண்ண அதன் ஸ்டாட் போதும். நிகழ்வுகளை ஒன்றோடொன்று கோக்க அது கைகொடுக்காது.

கங்கைகொண்டானில் உட்கார்ந்து வாடகை கிளவுடில் வேலை பார்ப்பவருக்கு இந்தப் பேச்சே வேறு. ஹோஸ்ட் அவர் கையில் இல்லை. டாப் கட்டளையில் ஸ்டீல் நேரம் (ஹோஸ்ட் வேறு வேலை பார்த்ததால் கெஸ்ட் காத்திருந்த நேரம்) ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் அந்த ஆதாரத்தோடு கிளவுட்காரரிடம் கேட்க வேண்டியதுதான்.