ஜிம்னியில் எஞ்சின், கியர்பாக்ஸ் தூக்கக் கொடுக்கிறீர்களா? இதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஜிம்னி வைத்திருப்பவர்கள், குறிப்பாக உலு லாங்காட், ஜண்டா பாயிக் பக்கம் மலையேறுகிறவர்கள் கவனத்துக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மூன்றையும் 2 அங்குலம் தூக்கித் தருவதாகப் பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, நண்பர் ஒருவரின் பழைய ஜிம்னி ரகமான எஸ்ஜே410-ஐ எந்த நிலையில் திருப்பிக் கொடுத்தது என்பதை இங்கே எழுதுகிறோம். பட்டறையின் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. வேலையை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

முதலில், இந்த வேலை எதற்கு என்பது. அந்த வண்டி ஏற்கெனவே 2 அங்குலம் பாடி லிஃப்ட் செய்தது, அதாவது சேசிஸிலிருந்து பாடியை மட்டும் உயர்த்தியது. பாடியோடு ரேடியேட்டரும் ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரௌடும் மேலே போய்விடும்; எஞ்சின் சேசிஸோடு கீழேயே நிற்கும். ஃபேன் ஷ்ரௌடின் கீழ்விளிம்பில் உரசும், கியர் லீவர் குழிக்குள் இறங்கிவிடும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதே 2 அங்குலம் தூக்கினால் எல்லாம் பழைய இடத்தில் வந்து சேரும். அடியில் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும் பாறையில் மோதாது. பாடி லிஃப்ட் இல்லாத வண்டியில் இவ்வளவு தூக்க இடமே கிடையாது. அதைச் சொல்லாமல் "செய்யலாம் பாஸ்" என்று தலையாட்டும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும், காராக் நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தரை முழுக்க அதிர்வு. கேட்டதற்குப் பட்டறைக்காரரின் பதில்: "டயர் பேலன்ஸிங்தான் பாஸ், ஒன்னும் பயமில்ல." பேலன்ஸிங் செய்தும் அதிர்வு அப்படியே இருந்தது. ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது: எஞ்சினும் கியர்பாக்ஸும் மேலே போயிருக்கின்றன, டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய இடத்திலேயே தொங்குகிறது.

எஸ்ஜே ரக ஜிம்னியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக மூன்று ரப்பர் மவுண்டிங்கில் நிற்கும்; இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளமான ஷாஃப்ட், 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதன் ஒரு முனையை 50 மில்லிமீட்டர் தூக்கினால் சாய்வு 3 டிகிரியை ஒட்டித்தான் கூடும். 300 மில்லிமீட்டர் ஷாஃப்டில் அதே 50 மில்லிமீட்டர் ஏறக்குறைய 9.5 டிகிரி ஆகிவிடும். இதோடு முடியவில்லை. எஸ்ஜே410-இன் டிரான்ஸ்ஃபர் கேஸ், சாதாரண சாலை ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சிலும் நேர் விகிதத்தில் ஓடாது, விகிதம் 1.58. பின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது குட்டி ஷாஃப்ட் 3,160 சுற்று சுற்றுகிறது. வண்டியிலேயே வேகமாகச் சுற்றும் ஷாஃப்டுக்கு ஆக அதிகமான சாய்வைக் கொடுத்தால் அதிராமல் என்ன செய்யும்? ஷாஃப்ட் முனையில் மடங்கியபடி சுற்றவிடும் சிலுவை மூட்டு, அதாவது கிராஸ், அதன் தொப்பிகளைச் சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் பொடி கசிந்திருந்தது. உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் துருவோடு அரைபடுவதன் அடையாளம் அது. அப்படியே ஓட்டியிருந்தால் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம்.

மூன்றையும் ஒரே அளவு தூக்குவதுதான் சரி. கியர்பாக்ஸின் வெளி ஃபிளேஞ்சும் (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) டிரான்ஸ்ஃபர் கேஸின் உள் ஃபிளேஞ்சும் 1 டிகிரிக்குள் இணையாக நிற்கவேண்டும். கைபேசியில் சாய்வு பார்க்கும் செயலி இருந்தாலே அளந்துவிடலாம். முன்பின் ஷாஃப்டுகளை, சக்கரங்கள் முழுதாகத் தொங்கும் நிலையிலும் பார்க்கவேண்டும்: நீண்டு சுருங்கும் ஸ்பிளைன் மூட்டு வெளியே வந்துவிடக் கூடாது, கிராஸைப் பிடிக்கும் நுகங்கள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது.

அடுத்தது எஞ்சின் மவுண்டிங். பிராக்கெட் செய்ததாகப் பணம் வாங்கியிருந்தார்கள். உள்ளே இருந்தது 50 மில்லிமீட்டருக்கு அறுத்த தண்ணீர் பைப் துண்டு, அதற்குள் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் திரெட் ராட், இரண்டு பக்கமும் நட்டு. திரெட் ராட் மெது இரும்பு. கிளட்சை விடும்போதெல்லாம் எஞ்சின் ஒரு பக்கமாக முறுக்கும். அந்த முறுக்கு உயரமான பைப்பின் உச்சியில் விழுந்து ராட்டை வளைக்கும். கழற்றிய ராட் இரண்டும் வாழைக்காய் போல வளைந்திருந்தன, ஒரு பைப்பின் வாய் நசுங்கியிருந்தது. இந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டியாக மடித்து, பக்கத்தில் முக்கோணத் தாங்கல் வைத்து வெல்டிங் செய்த பிராக்கெட்தான் நிற்கும். ரப்பர் முன்பு எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு மாறக் கூடாது. போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். எண் இல்லாத போல்ட்டை ஏற்காதீர்கள்.

கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பரை நேராகச் சேசிஸில் வெல்டிங் அடித்துவிட்டார்கள். பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் நாளைக்குக் கிளட்ச் தகடு மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும் என்றால் கிரைண்டரை எடுத்து அறுக்கவேண்டியதுதான். சேசிஸின் குறுக்கே நேர்கோட்டில் போட்ட வெல்டிங் பக்கத்தில்தான் விரிசலும் ஆரம்பிக்கும். கிராஸ்மெம்பர் போல்ட்டில்தான் நிற்கவேண்டும். பெட்டிச் சேசிஸில் துளை போட்டால், இறுக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே ஸ்லீவ் குழாய் வைக்கவேண்டும்.

சின்னதாகத் தெரிந்தாலும் ஆபத்தான ஒன்று, எர்த் வயர். எஞ்சின் மேலே போனதில் பழைய எர்த் பட்டை இழுபட்டு அறுந்திருந்தது, யாரும் நீட்டவில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியே ஓடும். கேபிளின் உள் பிளாஸ்டிக் உருகி ஆக்சிலரேட்டர் அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் பைப்பையும் வெட்டி ஒட்டியதில் மூட்டில் கசிவு. தரைக்கடியில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

வண்டியை எடுக்கும் முன் பட்டறையிலேயே இவற்றைப் பாருங்கள். ஃபேனுக்கும் ஷ்ரௌடுக்கும் சுற்றிலும் 25 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஏர் கிளீனர் மூடி மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து பானெட்டை மூடித் திறங்கள். நசுங்கிய பிறகு களிமண் எவ்வளவு தடிமனாக மிஞ்சுகிறதோ அதுதான் தெரிந்துகொள்ளவேண்டிய இடைவெளி. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விடட்டும். நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு எம்புகிறது என்று பாருங்கள். எல்லாக் கியரும் போட்டு, லீவர் தரைத் துளையின் விளிம்பில் தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் மலையில் கியர் தானாகக் கழன்றுவிடும்.

பணத்தைப் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். நண்பருக்குக் கிடைத்த ரசீதில் "மாடிஃபை" என்ற ஒரே சொல்லும் தொகையும்தான் இருந்தன. மூன்று பாகமும் எத்தனை மில்லிமீட்டர் தூக்கப்படும், பிராக்கெட் எந்தத் தகடு, எந்த போல்ட், எக்ஸாஸ்ட், கேபிள், எர்த் சேர்த்தியா என்று வரி வரியாக எழுதி வாங்குங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும் என்பதையும் வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையைக் கேட்கும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் பதியவேண்டும். நண்பரின் கோரிக்கை அங்கே பதிவாகியிருக்கிறது. வண்டியை வேறு இடத்தில் சரிசெய்யும் முன், ராம்ப்பில் இருக்கும்போதே அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கழற்றிய பைப், ராட், கிராஸ் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல், தேதி எழுதி ஒரு பையில் கட்டி வையுங்கள்.