வீட்டில் நாஸ் கருவி: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்த குறைகளும் பாதுகாப்பு அபாயங்களும்

இரண்டு வன்தட்டுகள் கொண்ட நாஸ் கருவி (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, வீட்டார் எல்லோரும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், கைபேசிகளின் பேக்கப் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மாதச் சந்தா கிடையாது, நம் தரவு நம் வீட்டிலேயே இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள், இரண்டும் உண்மையே. ஆனால் மேகச் சேமிப்பு நிறுவனங்களில் ஒரு குழுவே கவனித்துக்கொள்ளும் பாதுகாப்புப் பொறுப்பு, கருவியை வாங்கிய அன்று முதல் நம் தலையில் ஏறுகிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

மின்செலவு பெரிதல்ல. 20 வாட் எடுக்கும் கருவி ஓய்வின்றி ஓடினால் மாதம் 14 யூனிட்டைத் தாண்டும். யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமையே கெடக்கூடும்.

ஒரே தரவை இரண்டு தட்டுகளிலும் ஒருசேர எழுதும் ரெய்டு ஏற்பாடு இருந்தாலே தரவு பத்திரம் என்ற தவறான நம்பிக்கைதான் உண்மையான கவலை. எங்கள் கருவியில் ஒரு தட்டு பழுதானபோது பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறி, பீப் ஒலி விடாமல் கேட்டது. புதிய தட்டைச் செருகிய பிறகு, அதே நாளில் வாங்கிய, அதே அளவு உழைத்துத் தேய்ந்த மற்றொரு தட்டை நம்பியே மறுசீரமைப்பு மணிக்கணக்கில் நடந்தது. தட்டு பழுதாவதை ரெய்டு தாங்கும். அழித்த கோப்பை அது மீட்டுத் தராது, ஏனெனில் அழிப்பும் இரண்டு தட்டுகளிலும் ஒரே நொடியில் நடந்துவிடுகிறது.

இணையத்தை நோக்கித் திறந்து வைத்த நாஸ் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு நடந்த சம்பவங்களே சான்று. 2014 ஆகஸ்டில் சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் கருவிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட சைனோலாக்கர் என்ற தீநிரல், 2013 டிசம்பரிலேயே திருத்தம் வெளியான ஓட்டையின் வழியாக, புதுப்பிக்கப்படாத கருவிகளில் நுழைந்தது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற இன்னொரு தீநிரல், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் கருவிகளில் இருந்த கோப்புகளைக் கடவுச்சொல்லிட்ட 7ஜிப் பொதிகளாக்கி 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கருவிகள் உலகெங்கும் தொலைவிலிருந்தே தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டு, பலரின் தரவு முழுவதும் அழிந்தது. அந்தக் கருவிக்குக் கடைசி மென்பொருள் புதுப்பிப்பு வந்தது 2015-இல். வன்தட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியின் பாதுகாப்பு ஆயுள் முடிந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும் என்று பார்ப்பது, கொள்ளளவைப் பார்ப்பதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டில், உள்ளிருக்கும் கருவிகளை இணையத்திலிருந்து நேரடியாக எட்ட வழி திறக்கும் ரவுட்டர் வசதிகளான யூபிஎன்பியும் போர்ட் ஃபார்வர்டிங்கும் முடக்கப்பட்டுள்ளன. வெளியூரிலிருந்து கோப்பு தேவைப்பட்டால் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் செல்லும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாகவே நுழைகிறோம். 'அட்மின்' என்ற இயல்புக் கணக்கை முடக்கி, இரு படிச் சரிபார்ப்பை இயக்கியிருக்கிறோம். இவற்றோடு, பேக்கப் எடுக்கும் நேரத்தில் மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் யூஎஸ்பி வன்தட்டு ஒன்றும் இருக்கிறது. இணைப்பிலேயே இல்லாத தட்டைத் தொலைவில் இருக்கும் எவராலும் பூட்ட முடியாது.

புதுப்பிப்புகளையும் எச்சரிக்கை மின்னஞ்சல்களையும் தவறாமல் கவனிக்க ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைப்பேன். படங்களைப் பத்திரப்படுத்துவது மட்டுமே தேவை என்றால், இரண்டு வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்துவிடலாம்.