புது 4கே டிவி, பழைய 5.1 ரிசீவர்: ஒலி பிரமாதம், ஏஆர்சி தலைவலி

2025 செப்டம்பர் 22-இலிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதன்பின் நண்பர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "டிவியை மாத்தப் போறேன், பழைய 5.1 ஆம்ப்பை என்ன பண்றது?" (5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அவற்றை ஓட்டும் ஆம்ப்தான் ரிசீவர்.) வரி குறைந்ததில் விலை சுமார் 8 சதவீதம் இறங்கியிருக்கிறது. அந்த மிச்சத்தோடு கொஞ்சம் போட்டு சவுண்ட்பார் வாங்கிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. 2010 வாக்கில் வந்த, ஹெச்டிஎம்ஐ 1.4 உள்ள ஏவி ரிசீவரை 55 அங்குல 4கே டிவியோடு வருடக்கணக்கில் ஓட்டியவரின் பதில் கீழே.

முதலில் இணைப்பு. செட்டாப் பாக்ஸையோ 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ பழைய ரிசீவர் வழியாகக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் கால ரிசீவரில் 4கே படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டான ஹெச்டிசிபி 2.2 கிடையாது. 4கே படம் 1080-க்கு இறங்கும், இல்லையென்றால் கறுப்புத் திரைதான். எல்லாவற்றையும் நேராக டிவியில் சொருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு இறக்க வேண்டும். டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அங்கிருந்து வரும் கேபிள் ரிசீவரின் 'ஹெச்டிஎம்ஐ அவுட்'டில் போக வேண்டும், 'இன்'னில் அல்ல. ஒலி உள்ளே வருகிறது என்பதால் 'இன்'னில் சொருகிவிட்டு ரிசீவர் போச்சு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போனவர்கள் நிறைய. பழைய புளூரே பிளேயர் இருந்தால் அதை மட்டும் ரிசீவரின் 'இன்'னில் விடுங்கள். டிவிக்கும் ரிசீவருக்கும் இடையில் உள்ள அதே ஒரே கேபிளில் படம் மேலே டிவிக்குப் போகும், டிவியின் ஒலி கீழே வரும்.

பிறகு டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிசிஎம் என்று இருந்தால் 5.1 படமும் இரண்டு சேனலாகத்தான் வரும். 'ஆட்டோ' வைத்து ஓடிடி படத்தில் மட்டும் சத்தமே வரவில்லை என்றால், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற புதிய ஒலி வடிவம் வருகிறது, ரிசீவருக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றினால் சரியாகிவிடும். பென்டிரைவில் இருக்கும், டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் ஒலி கொண்ட படங்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. சாம்சங் 2018-இலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜி 2020-இல் எடுத்து 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது, 2025 மாடல்களில் மறுபடி எடுத்துவிட்டது. அந்த மாதிரி டிவியில் ஃபைல் ஊமைப் படமாகத்தான் ஓடும். அதை ரிசீவரோடு நேரடியாக இணைந்த பிளேயரில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒலியைப் பற்றி எந்தக் குறையும் சொல்ல முடியாது. எதிர்பாராத சந்தோஷம், ரிசீவருக்குள் இருக்கும் டால்பி புரோ லாஜிக் 2. நம் சேனல்களில் பெரும்பாலானவை இன்னும் ஸ்டீரியோதான். அதை இந்தப் பழைய டீகோடர் பிரித்து, வசனத்தைச் சென்டர் ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது. ஒல்லி டிவியின் கீழ்நோக்கிய ஸ்பீக்கரில், மின்விசிறி ஐந்தில் சுற்றும்போது, பாதி வசனம் காற்றோடு போய்விடும். இங்கே சென்டரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிவிட்டால் கிசுகிசுப்புகூடத் தெளிவாக விழுகிறது. கறுப்பு வெள்ளைக் காலத்து மோனோ படங்கள் இன்னும் அழகு. இரண்டு சேனலிலும் ஒரே ஒலி என்பதால் 'மூவி' மோடில் மொத்தமும் சென்டரில் மட்டும் வரும். மற்ற நான்கும் பேசவில்லையே என்று பதற வேண்டாம், தியேட்டரிலும் அது திரைக்குப் பின்னால் நடுவில் இருந்துதான் வந்தது. கச்சேரிக்கு 'மியூசிக்' மோட், சென்டர் ஒலியைப் பக்கங்களுக்குப் பரப்பும் 'சென்டர் விட்த்' 3. சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போகும்.

இவ்வளவுக்கும் பிறகு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், கரண்ட் போய் வரும்போது. நம் வீடுகளில் டிவி பாயின்ட் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ஆம்ப் அதிகம் இழுக்கும் என்று இபி லைனில் இருக்கும். கரண்ட் போனதும் ஆம்ப் செத்துவிடும், டிவி உயிரோடு இருக்கும். ஆடியோ சிஸ்டம் காணவில்லை என்று டிவி தன் ஸ்பீக்கருக்கு மாறிவிடும். கரண்ட் வந்ததும் ஆம்ப் ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்திருக்கும். அதை ஆன் செய்தால் அது சிஇசி (ஹெச்டிஎம்ஐ கேபிளில் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை பரிமாறும் வழி) வழியாக 'ஏஆர்சியைத் தொடங்கு' என்று டிவிக்குச் செய்தி அனுப்ப வேண்டும், 'தொடங்கிவிட்டேன்' என்று டிவி பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி உரையாடல்தான் நடப்பதில்லை. டிவி தன் ஒல்லிக் குரலில் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஆம்ப் விளக்கெரித்துக்கொண்டு சும்மா நிற்கும்.

மீட்கும் வழி இது. முதலில் சவுண்ட் அவுட்புட்டை டிவி ஸ்பீக்கருக்கு மாற்றி, மீண்டும் ஏஆர்சிக்குக் கொண்டுவாருங்கள். மசியவில்லை என்றால் இரண்டையும் சுவர் சுவிட்சில் அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஸ்டாண்ட்பையிலும் சிஇசி விழித்திருக்கும், பழைய குழப்பத்தையும் சேர்த்து வைத்திருக்கும். பிறகு முதலில் டிவி, ஹோம் ஸ்கிரீன் முழுதாக வந்தபின் ஆம்ப். இது அடிக்கடி நடந்தால் ஸ்டிக்கிலும் செட்டாப் பாக்ஸிலும் சிஇசியை அணைத்துவிடுங்கள். ஒரே கம்பியில் நான்கு பேர் பேசினால் ஏஆர்சியின் குரல் எடுபடாது. டிவியையும் ஆம்ப்பையும் ஒரே லைனுக்குக் கொண்டுவருவதும் உதவும், ஆனால் அது இபி லைனாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பைப் போட்டால் 'ங்ங்' என்று உறுமும்.

ஹெச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்த, ஏஆர்சியின் புதிய வடிவமான இ-ஏஆர்சிக்கு இந்தப் பேச்சுவார்த்தைக்கென்றே தனி வழி இருக்கிறது, சிஇசியை அது நம்பியிருக்கவில்லை. பழைய ரிசீவரில் அது இல்லை, எந்த அப்டேட்டிலும் வரப்போவதில்லை.

பொறுமை போனவர்களுக்கு ஆப்டிகல் கேபிள். கைகுலுக்கல் எதுவும் வேண்டாம், வெளிச்சம் போனால் சத்தம் வரும், அவ்வளவுதான். டால்பி டிஜிட்டல் 5.1 முழுதாக வரும். கேபிள் டிவி வயர் வழியாக எர்த் லூப் உறுமல் இருந்தால் அது இந்த வழியில் வராது. முனையில் இருக்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள், கேபிளைச் சுவர் மூலையில் மடக்காதீர்கள். ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோலை (சிஇசிக்கு அங்கே உள்ள பெயர்) அணைத்தால்தான் 'டிவி' இன்புட் பல மாடல்களில் ஆப்டிகலைக் கேட்கும். இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், டிவி ரிமோட்டில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விடும். வீட்டில் இரண்டு ரிமோட். இந்த யோசனைக்கு அம்மா, அப்பா சம்மதம் வாங்குவது உங்கள் பாடு.

உதடும் ஒலியும் ஒட்டாத பிரச்சினை சின்னது. ஒலி முந்தினால் ரிசீவரின் ஏவி சிங்க்கில் 40 மில்லிசெகண்டில் தொடங்கி ஏற்றுங்கள். ஒலி பிந்தினால் ரிசீவரில் தீர்வு இல்லை. டிவியில் டிஜிட்டல் அவுட்புட் டிலே பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வன்பொருள் பக்கம், பதினைந்து வருட ஸ்பீக்கரில் கோனைச் சுற்றிய ஃபோம் தொட்டாலே உதிரும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஃபோம் மட்டும் மாற்றலாம், புது ஸ்பீக்கர் தேவையில்லை. ஆம்ப்பை ஷோகேஸுக்குள் அடைக்காமல் மேலே பத்து சென்டிமீட்டராவது விடுங்கள். பின்பக்க இடுக்கில் பல்லி புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போர்டில் ஷார்ட் அடித்தால் அதற்கும் நல்லதல்ல, ஆம்ப்புக்கும் நல்லதல்ல.

ஆக, ஒலியில் சாதாரண சவுண்ட்பார் எதுவும் இதன் பக்கத்தில் வராது. ஆனாலும் உங்கள் ஏரியாவில் வாரத்துக்கு இரண்டு முறை கரண்ட் போகிறது, ரிமோட் பெரியவர்கள் கையில் இருக்கிறது என்றால் ரிசீவரை விற்றுவிட்டு சவுண்ட்பாரே வாங்குங்கள். அதுவும் ஏஆர்சியில்தான் ஓடுகிறது, ஆனால் இழுக்கும் கரண்ட் குறைவு, டிவியோடு ஒரே இன்வெர்ட்டர் பாயின்டில் நிற்கும். மேலே எழுதிய புகழுரையெல்லாம் உண்மைதான். இருந்தாலும் இன்று காலையும் கரண்ட் போய்வந்தது.

விற்க மனமில்லாதவர்கள் புது டிவியின் பின்பக்கம் ஆப்டிகல் போர்ட் இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் எடுத்துவிட்டார்கள். விற்பவர் "எல்லாத்துலயும் இருக்கு சார்" என்றுதான் சொல்வார்.