இரு குழு டி-டெஸ்ட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

உளவியல் மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பகுதியைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில், நான் அதிகம் கை வைப்பது இரு குழு டி-டெஸ்ட்டில்தான்: இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் சோதனை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது. நூறு வயதைத் தாண்டியும் நன்றாகவே உழைக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு உளவியலாளர் தெரசா அமாபிலேயின் 1985 சோதனையிலிருந்து இரண்டு குழுக்களின் தரவைத்தான் கொடுப்பேன். எழுத்துப் பழக்கம் உள்ள 47 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 24 பேருக்கு, எழுதுவதில் கிடைக்கும் இன்பம் போன்ற உள்காரணங்களை வரிசைப்படுத்தும் கேள்வித்தாள். 23 பேருக்கு ஆசிரியரின் பாராட்டு, நல்ல வேலை, பணம் என்று வெளிக்காரணங்கள். அப்புறம் எல்லோரும் சிரிப்பைப் பற்றி ஹைக்கூ பாணியில் ஒரு கவிதை எழுத வேண்டும். 12 கவிஞர்கள் நடுவர்களாக இருந்து, படைப்பாற்றலுக்கு 40-க்கு மதிப்பெண் போட்டார்கள். முதல் குழுவின் சராசரி 19.88, இரண்டாவது 15.74.

டி மதிப்பு, அதாவது தற்செயல் ஊசலாட்டத்தைப் போல வித்தியாசம் எத்தனை மடங்கு என்பது, 2.93. பி மதிப்பு 0.005. இந்த பி மதிப்புக்கு என்ன அர்த்தம்? கேள்வித்தாளால் எந்தப் பாதிப்பும் இல்லை, யார் எந்தக் குழுவுக்குப் போயிருந்தாலும் அதே மதிப்பெண்தான் வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் குலுக்கலாலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் வரலாம். ஆனால் ஆயிரத்தில் ஐந்து தடவை போலத்தான். 47 பேரை இப்படிப் பிரிக்க 16 லட்சம் கோடிக்கும் மேல் வழிகள் உண்டு. அத்தனையையும் போட்டுப் பார்க்காமலே டி-டெஸ்ட் நெருங்கிய விடையைத் தந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காதது, எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொள்ளும் குணம். நடுவர் மதிப்பெண்களை அப்படியே 564 (47 × 12) வரிகளாக உள்ளே போட்டால், புள்ளிக்குப் பின் ஏகப்பட்ட பூஜ்யத்தோடு ஒரு பி மதிப்பைக் காட்டும். மாணவரும் பூரித்துப் போவார். ஆனால் குலுக்கப்பட்டது 47 பேர்தான். ஒருவருக்குப் பன்னிரண்டு நடுவர்களின் சராசரி, ஆக 47 எண்கள், அவ்வளவுதான் தர வேண்டும்.

குழுக்களின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 4.44, 5.25 என்று வேறுபடுகிறதே என்றால், இரு குழுவின் சிதறலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறை இருக்கிறது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கேட்காமலே அதைத்தான் போடும். எஸ்பிஎஸ்எஸ் (SPSS) மென்பொருளின் விடை அட்டவணையில் அது இரண்டாவது வரி. இங்கே 2.93 என்பது 2.92 ஆகிறது, முடிவு மாறவில்லை. நான் எப்போதும் வெல்ச்தான்.

பி மதிப்பை விட நான் அதிகம் பார்ப்பது 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லையை: 1.3 முதல் 7.0 மதிப்பெண் வரை. பாதிப்பு உண்டு, சரி. எவ்வளவு என்பதில் கோடு இன்னும் மங்கல்தான். இதை எழுதாமல் 'பி 0.05-க்குக் கீழே' என்று மட்டும் எழுதிய அறிக்கைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு தலைவலி, முடிவை எழுதும் இடம். குலுக்கல் நடந்ததால், வித்தியாசத்துக்குக் காரணம் கேள்வித்தாள்தான் என்று துணிந்து எழுதலாம். ஆனால் 47 பேரும் உலக எழுத்தாளர்களிலிருந்து குலுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. 'பணம் படைப்பாற்றலைக் கொல்லும்' என்று தலைப்பு வைப்பவர்களும் உண்டு. இந்தச் சோதனையில் கவிதைக்கு விலை பேசவே இல்லை! தவிர, உள்காரணம் ஏற்றிவிட்டதா, வெளிக்காரணம் இறக்கிவிட்டதா என்பதை இரண்டு குழுக்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு எந்தக் கேள்வித்தாளும் தராத மூன்றாவது குழு ஒன்று வேண்டும். அப்போது டி-டெஸ்ட்டை எடுத்து வைத்துவிட்டு பல குழுக்களின் சராசரிகளை ஒன்றாக ஒப்பிடும் அனோவாவுக்குப் போக வேண்டியதுதான்.