கல்லூரி ஆய்வகச் செய்தித்தாளுக்கு ஸ்கிரைபஸ்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

இதழியல் வகுப்புக்காக மாணவர்கள் கட்டும் நாலு பக்கச் செய்தித்தாளை, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான ஸ்கிரைபஸிலேயே முழுக்க முடித்துவிடலாம். ஆனால் தமிழ் மேட்டரை (செய்தி வாசகத்தை) குறுகிய பத்தியில் (நெடுவரிசையில்) ஓடவிட்டால், பாதி வேலையை அது மாணவர் கையில் விட்டுவிடும். அந்தப் பாதியைச் சொல்லிக்கொடுக்காத வகுப்பில்தான் பக்கம் ஓட்டை ஓட்டையாக வருகிறது.

முதலில் பதிப்பு. 1.4 வரிசையில் தமிழ் உருப்படாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். 2017-இல் வந்த 1.5.3-இல்தான் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் புதிய இயந்திரம் நுழைந்தது. 2024-இல் வந்த 1.6 நிலைப் பதிப்பு. ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். 1.6-இல் சேமித்த கோப்பை 1.4-இல் திறக்க முடியாது. ஒரு மாணவர் வீட்டில் பழைய பதிப்பு வைத்திருந்தால் அவர் பக்கம் அன்றைக்கு நகராது.

பக்க அளவு ஏ3 போதும் (297 × 420 மி.மீ.). சென்னையில் எந்தப் பேட்டையிலும் ஜெராக்ஸ் கடையில் ஏ3 லேசர் பிரிண்ட் கிடைக்கும். நாலு ஓரத்திலும் 12 மி.மீ. மார்ஜின் விட்டால் மிஞ்சும் அகலம் 273 மி.மீ. நாளிதழைப் பார்த்து ஆறு பத்தி போட ஆசை வரும். இடைவெளி 4 மி.மீ. என்றால் ஒரு பத்தி 42 மி.மீ.தான். ஐந்து பத்தி போட்டால் 51.4 மி.மீ. கிடைக்கும். தமிழுக்கு ஐந்துதான் சரி. ஏன் என்பது கீழே.

மேட்டருக்கு 10 பாயின்ட் எழுத்து, 13 பாயின்ட் லீடிங் (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்குமான தூரம்). ஆங்கிலத்துக்குப் போடும் 11.5 இங்கே நெருக்கும். மேல் வரியின் கீழ் வளைவும் அடுத்த வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். டாக்குமென்ட் செட்அப்பில் பேஸ்லைன் கிரிட்டை (வரிகள் உட்காரும் கோடுகளின் வரிசையை) 13 பாயின்ட் என்று வைத்து, பாரா ஸ்டைலில் வரி இடைவெளியை அந்தக் கிரிட்டோடு பிணைத்துவிட்டால் உயரத்தில் 86 வரி வரும். பக்கத்துப் பத்திகளின் வரிகள் நேர்கோட்டில் நிற்கும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு பிரேமிலும் (மேட்டர் அமரும் பெட்டியிலும்) கையால் இடைவெளி மாற்றுவது மாணவர்களிடம் அதிகம் காணும் பிழை.

இனி அந்த ஓட்டை விஷயம். ‘காவல்துறையினரிடமிருந்து’ என்ற ஒரே சொல் 13 எழுத்து. 42 மி.மீ. பத்தியில் கிட்டத்தட்ட முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டு சின்னச் சொற்கள்தான் இருந்தால், ஜஸ்டிஃபை செய்யும்போது (இரண்டு ஓரமும் நேராக வருமாறு வரியை நிரப்பும்போது) அவை இரண்டு ஓரங்களுக்கும் ஒதுங்கி நடுவில் பெரிய வெள்ளை விழும். ஸ்கிரைபஸ் வரி வரியாகத்தான் கணக்குப் போடுகிறது. முழுப் பாராவையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தீர்வு, சொல்லை உடைப்பது. இன்சர்ட் மெனுவில் உள்ள சாஃப்ட் ஹைபனை, உடையலாம் என்ற இடங்களில் முன்கூட்டியே வைக்க வேண்டும். வரி முடிவில் தேவைப்பட்டால் மட்டும் அது தெரியும். சாதாரணக் கோட்டைத் தட்டினால் மேட்டரைத் திருத்தி வரி நகர்ந்த பிறகும் ‘காவல்-துறை’ என்று நடு வரியில் நின்று மானத்தை வாங்கும்.

எங்கே உடைப்பது என்பதற்கு ஒரு விதி: புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ‘பேருந்-து’ சரி, ‘பேரு-ந்து’ தவறு. ‘பத்-தி’ சரி, ‘ப-த்தி’ தவறு. மேலே சொன்ன சொல்லை ‘காவல்-துறை-யினரிட-மிருந்து’ என்று மூன்று இடத்தில் உடைக்கலாம். எழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவில் தவறி வைத்துவிட்டால் குறி தனியாகப் பிரிந்து புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்து இடைவெளியை இழுத்து வரியை நிரப்புவது இன்னும் மோசம். ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகத் தெரியும். கிளிஃப் எக்ஸ்டென்ஷனை (எழுத்தின் அகலத்தை நீட்டிச் சுருக்கும் அளவை) 98 முதல் 102 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியும். ஒற்றைப் பத்திப் பெட்டிச் செய்திகளை இடப்பக்க ஒழுங்கில் விட்டுவிடுவதே அழகு.

எழுத்துருவில் நோட்டோ செரிஃப் தமிழ் மேட்டருக்கும், முக்தா மலர் தலைப்புக்கும் நன்றாக உழைக்கின்றன. ஸ்கிரைபஸ் போலியாக போல்ட் செய்யாது. தடித்த வடிவம் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். அதனால் ஒரே எடை (தடிமன்) மட்டும் உள்ள மீரா இனிமை தலைப்புக்கு உதவாது. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கும்போது ‘ஸ்டேட்டிக்’ கோப்புறையில் உள்ளவற்றையே நிறுவுங்கள். எல்லா எடையும் ஒன்றாக அடங்கிய வேரியபிள் கோப்பு தொல்லை தரும். நிறுவிய பின் ஸ்கிரைபஸை மூடித் திறக்க வேண்டும்.

மேட்டர் யுனிகோடில் வர வேண்டும். பத்திரிகைக் குறிப்புகள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் வருகின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியாக்க மாற்றி மென்பொருளில் மாற்றி, யுடிஎஃப்-8 உரைக்கோப்பாகச் சேமித்து, பிறகு உள்ளே எடுங்கள். மாற்றியபின் இரண்டு தேடல் கட்டாயம்: ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒள’, ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கால். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கண் ஏமாந்துவிடும்.

படங்களில் கணக்குத் தெளிவானது. நாலு பத்திப் படம் 217.6 மி.மீ. அகலம், 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) வேண்டுமென்றால் 1,713 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1,600-ஐத் தாண்டாது. அது இரண்டு பத்திக்குத் தாராளம் (841 போதும்), நாலு பத்திக்குப் பற்றாது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறப் பட்டியலில் ‘பிளாக்’, ‘ரிச் பிளாக்’, ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ மூன்றும் திரையில் கறுப்பாகவே தெரியும். மேட்டருக்கு ‘பிளாக்’ மட்டும்தான். மற்றதைத் தொட்டால் ஆப்செட் அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளேட்டில் (நிறத்துக்கு ஒன்றாக வரும் அச்சுத் தகட்டில்) எழுத்து விழும்; தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் சின்ன எழுத்துக்கு நிழல் தட்டும். செய்தித்தாள் காகிதத்தில் இது அப்பட்டமாகத் தெரியும்.

குறைகள் வேறும் உண்டு. அட்டவணை வசதி பலவீனம். தேர்தல் முடிவுப் பட்டியல் மாதிரி எதையும் டேப் வைத்துக் கட்டுவதே நிம்மதி. நீண்ட கட்டுரையைப் பல பிரேம்களில் இணைத்தால் திருத்தும்போது இழுக்கும்; ஸ்டோரி எடிட்டரில் திருத்தினால் வேகம் பரவாயில்லை. பத்திரிகை மாதிரி மடித்து நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க அடுக்கு தானாக வராது. பக்க எண்ணிக்கையை நாலின் மடங்காக வைத்து, அடுக்கும் வேலையை அச்சகத்திடம் விடலாம். இதே வேலைக்கான இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற வரி அமைக்கும் வசதியை இயக்கினால் ஜஸ்டிஃபை இதைவிடச் சீராக வரும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். கிரிட், ஸ்டைல், பிரேம் இணைப்பு என்று இங்கே பழகியது அங்கேயும் செல்லும்.

வகுப்பு தொடங்குமுன் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கோ மாணவர்களை ஸ்கேலோடு அழைத்துச் செல்வது பெரிய பலன் தரும். பழைய இதழ்களின் பத்தி அகலத்தை அளந்து குறித்தவர்களுக்குக் கிரிட் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கொடுக்கும் நாளில் பென் டிரைவில் ஸ்கிரைபஸ் கோப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். படங்கள் அதற்குள் இல்லை, இணைப்பு மட்டும்தான். ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ கொடுத்து எழுத்துருக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேமின் வலது கீழ் மூலையில் குறுக்குக் கோடிட்ட சின்னக் கட்டம் தெரிந்தால் மேட்டர் வழிகிறது என்று பொருள். அச்சகம் பிடிஎஃப்/எக்ஸ் (அச்சுக்கான பிடிஎஃப் வகை) கேட்டால் கலர் மேனேஜ்மென்ட்டை முதலில் இயக்குங்கள். இல்லையென்றால் அந்தத் தேர்வே வராது. பிறகு ஒரு பக்கத்தை ஏ3-யில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கை நீளத்தில் பிடித்து, வரி முடிவுகளை மட்டும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.