அசல் வட்டுகளுக்கென்றே ஒரு கடை

மயிலாப்பூரில் உள்ள இந்தச் சிறிய குறுந்தகட்டுக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, அசல் வட்டுகளைத் தவிர வேறெதையும் விற்பதில்லை என்பதில் உரிமையாளர் காட்டும் உறுதி. 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவின்படி, இசை வட்டின் உறையில் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரியுடன் முதலில் வெளியான ஆண்டும், திரைப்பட வட்டானால் தணிக்கைச் சான்றிதழின் நகலும் இருக்கின்றனவா என்பதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டிய பிறகே பில் போடுகிறார். திருட்டு வீடியோ குற்றவாளிகளைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் தமிழ்நாடு அரசு 2004-இல் வழிசெய்தது சரியான முடிவே. ஆனால் கலைஞர்களுக்குரிய பணம் அவர்களைச் சென்றடைய, இத்தகைய வணிகர்களின் நேர்மையும் வேண்டும். கர்நாடக இசைத் தொகுப்புகள் ஏராளம். புதிய படங்கள் குறைவு, விலையும் சற்று அதிகம். இருந்தும் தயங்காமல் வாங்கலாம்.