பென்டிரைவ் தெரியவில்லை என்று கடைக்கு ஓடாதீர்கள்: 3,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 3,500 ரூபாய்!

தங்கை வளைகாப்புப் படங்கள், வீடியோ எல்லாம் ஒரு 32 ஜிபி பென்டிரைவில் இருந்தன. லேப்டாப்பில் செருகினால் 'டிங்' சத்தம் வருகிறது, விளக்கு மினுக்குகிறது, ஆனால் டிரைவ் மட்டும் கண்ணில் படவில்லை. பஸ் ஸ்டாண்ட் எதிரே 'டேட்டா ரெகவரி' போர்டு மாட்டிய கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டீ வரவழைத்தார். மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பென்டிரைவைச் செருகினார். உதட்டைப் பிதுக்கினார். "சிப் அடி வாங்கிடுச்சு அண்ணே. ஸ்பெஷல் சாஃப்ட்வேர் போட்டு எடுக்கணும். என் தங்கச்சி வளைகாப்பு மாதிரி நினைச்சுப் பண்ணித் தரேன்." அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். மானிட்டர் ஏன் திரும்பியது என்று கேட்கத் தோன்றவே இல்லை. பில் கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 3,500 என்று கிறுக்கிக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து வாங்கி வந்து செருகினால் அதே டிங், அதே மினுக்கல். போன் செய்தேன். "உங்க லேப்டாப் போர்ட் போயிருக்கும், கொண்டாங்க, 1,200தான் ஆகும்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட் (செருகிய டிரைவ்களை எல்லாம் காட்டும் விண்டோஸ் பக்கம்). பென்டிரைவ் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, டிரைவ் எழுத்து (சி, டி, ஈ என்று விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் கொடுக்கும் அடையாளம்) மட்டும் இல்லாமல். போன மாதம் ஆபீஸ் நெட்வொர்க் ஃபோல்டருக்கு 'ஈ' எழுத்தைக் கொடுத்திருந்தேன். இதுவும் அதற்கே போட்டி போட்டிருக்கிறது. 'ஜி' என்று மாற்றினார், திறந்துவிட்டது. இரண்டு நிமிடம்!

உள்ளே என் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. 'ரெகப்_டிர்' என்று பெயர் போட்ட ஃபோல்டர்களில், சொந்தப் பெயர் போய் ஓர் எழுத்தும் எண்களுமாகப் படங்கள். அது ஃபோட்டோரெக் விட்டுப்போகும் தடம் என்றார் மச்சான். அழிந்துபோன ஃபைல்களைத் தோண்டி எடுக்கும் இலவச மென்பொருள். நல்லாயிருந்த டிரைவை ஃபார்மட் அடித்து, அதாவது உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, இலவசத்தில் தோண்டி எடுத்து, 3,500 ரூபாய்! பாதிப் படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஆச்சி நலங்கு பாடிய வீடியோ 11 வினாடியில் நின்றுவிடுகிறது.

நேரில் போய்க் கேட்டால், "டெக்னீசியன் லீவு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "பில் இருக்கா சார்?" அண்ணே போய் சார் ஆகிவிட்டது.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். ஃபார்மட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கம்ப்யூட்டர் கேட்டாலும் சரி, கடைக்காரர் கேட்டாலும் சரி. கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மானிட்டரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.